மனம் அமைதியாக வேண்டும் என்று நாம் செய்யும் தவறுகள்

யாராவது பதறிப்போய் நின்றால் பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்வது, "நல்லா மூச்சை இழுத்து விடு." அக்கறையில் சொல்வதுதான். ஆனால் கேட்டவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். தோள் இரண்டும் மேலே ஏற, வாயைத் திறந்து வேகவேகமாகக் காற்றை இழுக்கிறார். கொஞ்ச நேரத்தில் விரல் நுனி மரத்துப்போகிறது, உதட்டைச் சுற்றிக் குறுகுறுக்கிறது, தலை கிறுகிறுக்கிறது. இருந்த பயம் இரண்டு மடங்காகிறது. இப்படி வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறிக் குறைந்துவிடும். மரமரப்பும் கிறுகிறுப்பும் அதனால் வருபவை.

உண்மையில் கைகொடுப்பது வெளிமூச்சு. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு லேசாகக் கூடும், விடும்போது குறையும். மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு செய்யும் வேலை இது. அதனால் நாலு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறோ எட்டோ எண்ணும் வரை மெதுவாக விட்டாலே போதும். திருமூலர் சொல்லும் கணக்கிலும் இழுக்க 16 மாத்திரை, விட 32 மாத்திரை; மாத்திரை என்பது கண் இமைக்கும் நேர அளவு. நடுவே அவர் சொல்லும் 64 மாத்திரை கும்பகத்தை, அதாவது மூச்சை உள்ளே அடக்குவதை மட்டும் வீடியோ பார்த்து நீங்களாக முயல வேண்டாம். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கவே கூடாது. நெஞ்சுவலி இருந்தால் மூச்சை எண்ணிக்கொண்டு உட்காராமல் 108-ஐ அழையுங்கள்.

அடுத்தது, கண்ணை மூடி உட்கார்ந்து எண்ணமே வரக்கூடாது என்று மனதோடு மல்லுக்கட்டுவது. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லி, டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் நடத்திய சோதனை 1987-ல் வெளியானது. பங்கேற்றவர்களுக்குக் கரடி நினைப்பு திரும்பத் திரும்ப வந்தது. எண்ணம் வந்தால் வரட்டும், கவனத்தை மறுபடி மூச்சுக்குக் கொண்டுவந்தால் சரி. தியானம் கைகூடவில்லை என்று பாதியில் விட்டவர்களில் பலருக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சாயங்காலக் காபியையும் கவனியுங்கள். காஃபின் பாதியாகக் குறையவே பொதுவாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி, பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும்.

அப்புறம் போன். ராத்திரி அதை அணைக்கப் பலருக்கு மனம் வராததற்குக் காரணம் ஆசை மட்டும் இல்லை. ஊரில் அம்மாவுக்கு ஏதாவது ஆகி, கூப்பிட்டால் எடுக்க முடியாமல் போய்விடுமோ என்ற பயமும்தான். அது நியாயமான பயம். அதற்காக அபார்ட்மென்ட் குரூப்பும் ஆபீஸ் குரூப்பும் விடிய விடிய ஒலிக்க வேண்டியதில்லை. 'தொந்தரவு செய்யாதே' வசதியைப் போட்டு, அம்மா, அக்கா என்று நாலு பேரின் அழைப்பை மட்டும் அனுமதிக்கலாம். அடுத்தடுத்து இரண்டு முறை அழைப்பவரின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படியும் வைக்கலாம். ஒரு தடவை செட்டிங்ஸில் மாற்றினால் முடிந்தது.

இதையெல்லாம் செய்தும் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால், இன்னும் நன்றாகத் தியானம் செய்ய வேண்டும் என்று உங்களையே நொந்துகொள்வதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற எண்ணை, அதாவது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை, எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.