தோல் புற்றுநோய்க்கு ஒளியும் மருந்தும் சேரும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் புற்றுநோய் என்றால் நெய்யூருக்கோ திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்ற மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ போய்வந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கீமோவும், ‘கரண்டு வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சும் எல்லோருக்கும் கேட்டுப் பழகியவை. ஒளி மருத்துவம் அப்படிப் பழகவில்லை. போட்டோடைனமிக் தெரபி என்று டாக்டர் சொன்னதும் பலர் அதைக் கதிர்வீச்சு சிகிச்சை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அங்கிருந்துதான் மற்ற தவறுகள் கிளம்புகின்றன.

இதில் எக்ஸ்ரே போன்ற கதிர் எதுவும் கிடையாது. அமினோலெவுலினிக் அமிலம் கலந்த களிம்பைப் புண்மேல் பூசி, பெரும்பாலும் மூன்று மணி நேரம் மூடி வைப்பார்கள். கெட்டுப்போன செல்கள் அதை உள்வாங்கி புரோட்டோபோர்ஃபைரின் என்ற பொருளாக மாற்றிச் சேர்த்துவைக்கும். பிறகு 630 நானோமீட்டர் அளவிலான சிவப்பு ஒளியைக் காட்டும்போது, அந்தப் பொருள் அங்குள்ள ஆக்சிஜனைத் தூண்டிவிட்டுச் செல்லைக் கொல்லும். ஒளி தனியாகச் செய்வது ஒன்றுமில்லை. “வெயிலும் வெளிச்சந்தானே” என்று மத்தியான வெயிலில் புண்ணைக் காட்டிக்கொண்டு உட்கார்வது அதனால் வீண், ஆபத்தும்கூட. வெயிலின் புற ஊதாக் கதிர் தோல் புற்றுநோய்க்கே ஒரு காரணம்.

இதோடு சேர்வது பெரும்பாலும் 5-ஃபுளூரோயுராசில். 1957-இல் வந்த பழைய கீமோ மருந்து. தோலுக்குக் களிம்பாகவும் உண்டு. ஒளி காட்டும் முன் சில நாள் இதைப் பூசினால் கெட்ட செல்களில் புரோட்டோபோர்ஃபைரின் கூடுதலாகச் சேர்கிறது, பிறகு ஒளி நன்றாகப் பிடிக்கிறது. முதலில் எது, எத்தனை நாள், நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதில்தான் பலனே இருக்கிறது. வெயிலால் கெட்டுச் சொரசொரப்பான, இன்னும் புற்றாக மாறாத திட்டுகளில்தான் இந்தக் கூட்டு நன்றாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது.

“சும்மா ஒரு களிம்புதானே மக்ளே” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அது கீமோ மருந்து என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பூசத் தொடங்கிய சில நாளில் இடம் சிவந்து, எரிந்து, பொருக்கு கட்டும். மருந்து வேலை செய்வதன் அடையாளம் அது. ஒத்துக்கொள்ளவில்லை என்று தாமாக நிறுத்துவதும், சீக்கிரம் ஆறட்டும் என்று இரட்டிப்பாக அப்புவதும் இரண்டும் தவறு. எரிச்சல் தாங்கவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கண், மூக்கு, வாய் ஓரத்தில் படக்கூடாது. பூசிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கர்ப்பிணிகள் இதைப் பயன்படுத்தக்கூடாது. வீட்டு நாயோ பூனையோ அந்த ட்யூபைக் கடித்தாலோ, பூசிய இடத்தை நக்கினாலோ உயிருக்கே ஆபத்து.

எருக்கம்பாலையும் சுண்ணாம்பையும் வைத்துப் புண்ணைச் சுட்டுவிட்டு வருவதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். மேல்தோல் வெந்துபோனால் அடியில் என்ன இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும். சிவப்பு ஒளி தோலுக்குள் சில மில்லிமீட்டர்தான் போகும். தோலின் அடிச்செல்லில் கிளம்பும் பேசல் செல் புற்றில் மேலோட்டமானது, மேல்தோலோடு நிற்கும் ஆரம்பநிலைப் புற்றான போவன் நோய் போன்றவற்றுக்கே இது பொருந்தும். பழைய தீக்காயத் தழும்பிலோ வருஷக்கணக்காக ஆறாத புண்ணிலோ கிளம்பும் செதிள்செல் புற்றுக்கும், உள்ளங்காலில் கறுப்பாகப் படரும் மெலனோமாவுக்கும் இது மருந்தல்ல. அங்கே முதல் வழி அறுவை சிகிச்சைதான். முள் குத்திய கறை என்று உள்ளங்கால் கறுப்பை விட்டுவிடுவது நம் ஊரில் சாதாரணம். அசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலோ பக்கத்தில் உள்ள தோல் டாக்டரிடமோ காட்டி, சதை எடுத்துப் பரிசோதித்த பிறகே மற்ற பேச்சு.

சாப்பிடும் மாத்திரைகளை மறைப்பது இன்னொரு தவறு. டாக்சிசைக்ளின், பிரஷருக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதையசைடு போன்றவை தோலை வெயிலுக்குக் கூசவைக்கும். வெண்புள்ளிக்குப் பூசும் கார்போகரிசி எண்ணெயும் அப்படித்தான். அதிலுள்ள சோராலன் வெயில் பட்டால் தோலைக் கொப்பளிக்க வைக்கும். வைத்தியர் தந்த எண்ணெயைச் சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று பயந்து ஒளித்துவைக்காதீர்கள், பாட்டிலையே கொண்டுபோய்க் காட்டுங்கள். நரம்பு வழியாகக் கீமோ ஏறிக்கொண்டிருந்தால் அந்த டாக்டருக்கும் தோல் டாக்டருக்கும் ஒருவர் தருவது மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது வீடு திரும்பும் வழியில். ஒளி காட்டி முடித்த பிறகும் தோலில் மருந்து மிச்சம் இருக்கும். களிம்பு முறையில் சுமார் இரண்டு நாள் அந்த இடத்தில் வெளிச்சம் படக்கூடாது. சன்ஸ்கிரீன் பூசியாயிற்றே என்று நம்பக்கூடாது. அது தடுப்பது புற ஊதாக் கதிரை. இங்கே மருந்தைத் தூண்டுவது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், அது ஜன்னல் கண்ணாடியைத் தாண்டியும் வரும். மத்தியானத்துக்கு மேல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வரும் ரயிலில் வெயில் வலப்பக்கம் விழும். இடப்பக்கம் உட்காருங்கள், ஷட்டரை இறக்கிவிடுங்கள். மெல்லிய துப்பட்டா போதாது. தடித்த துண்டை மடித்துப் போட வேண்டும், கையில் புண் என்றால் முழுக்கைச் சட்டை. கடற்கரையில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மணலிலும் தண்ணீரிலும் பட்டு எதிரொளிக்கும் வெயில் குடைக்கு அடியிலும் வரும். களிம்பாக இல்லாமல் போர்ஃபைமர் சோடியம் என்ற மருந்தை நரம்பில் ஏற்றியிருந்தால் இந்தக் கட்டுப்பாடு குறைந்தது 30 நாள்.

ஒளி காட்டும்போது நன்றாக எரியும். பாதியில் எழுந்து போய்விடாமல் சொல்லுங்கள். காற்று வீசியும் குளிர்ந்த நீர் தெளித்தும் கொஞ்ச நேரம் நிறுத்தியும் தொடர்வார்கள்.

புண் ஆறி வழவழப்பாகிவிட்டது என்று மூன்று மாதத்தில் சொல்லும் மறுபரிசோதனைக்குப் போகாமல் விடாதீர்கள். மேலே தோல் மூடி அடியில் மிச்சம் தங்குவது உண்டு. போகும்போது பழைய பயாப்சி ரிப்போர்ட்டும், புண் இருந்த இடத்தைச் சிகிச்சைக்கு முன் போனில் எடுத்த படமும் கையில் இருந்தால் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது டாக்டருக்கு உடனே தெரியும்.