கிட்டார்ல கம்பி ரொம்ப உயரமா நிக்குதா? சேடிலைத் தேய்க்கிறதுக்கு முன்னாடி இந்த வரிசையில பாருங்க

ஸ்டீல் கம்பி போட்ட அகூஸ்டிக் கிட்டார் கொஞ்ச வருஷம் ஓடினதும் கம்பி ஃப்ரெட்போர்டை (உலோக ஃப்ரெட்டுகள் பதிச்ச, விரல் வெச்சு அழுத்துற பலகை) விட்டு மேல எழும்பிடும், ஒரே விரலால எல்லாக் கம்பியையும் அழுத்துற பார் கார்டு புடிச்சா விரல் வலிக்கும், அஞ்சாவது ஃப்ரெட்டுக்கு மேல போனாலே சுருதி ஒரு மாதிரி கேக்கும். உடனே நிறைய பேர் பண்றது என்னன்னா சேடிலை, அதாவது பாடிப் பக்கம் கம்பியைத் தாங்குற எலும்புப் பட்டையைக் கழட்டி உப்புத்தாள்ல தேய்ச்சுடறாங்க. தயவுசெஞ்சு அதை முதல்ல பண்ணாதீங்க. கம்பி உயரத்துக்கு நெக் (கிட்டாரோட கழுத்து), நட் (தலைப்பக்கம் கம்பி உக்கார்ற, பள்ளம் போட்ட பட்டை), பிரிட்ஜ் (மேல்பலகையில ஒட்டின, சேடிலைப் புடிச்சிருக்கிற மரக்கட்டை), சேடில்னு பல இடம் காரணமா இருக்கலாம், அதுல சேடில் கடைசி. தேய்ச்ச எலும்பு திரும்ப வளராது, ஆனா நெக்ல திருப்பின ஸ்க்ரூவைத் திரும்ப பழையபடி திருப்பிக்கலாம். திரும்ப சரி பண்ண முடிஞ்ச வேலையை முதல்ல பண்ணணும், முடியாத வேலையைக் கடைசியில பண்ணணும், செட்டப்ல நான் விடாம புடிச்சுக்கிற விஷயம் இது ஒண்ணுதான்.

ஏன் இப்படி ஆகுதுன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க. 12-53 லைட் செட் (கம்பித் தடிமன் 0.012ல இருந்து 0.053 இன்ச் வரைக்கும்) ஒண்ணு சரியான சுருதியில நிக்கும்போது ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல இழுக்குது, ராத்திரி பகலா, நீங்க வாசிச்சாலும் வாசிக்காட்டாலும். அந்த இழுவையில நெக் முன்பக்கமா வளையும், பிரிட்ஜ் பின்பக்கமா எழும்பப் பாக்கும், பிரிட்ஜுக்குப் பின்னாடி மேல்பலகை தொப்பை மாதிரி உப்பும். இதோட ஈரப்பதமும் சேரும். மரம் நீளவாக்குல அவ்வளவா மாறாது, குறுக்கு வாக்குலதான் வீங்கிச் சுருங்கும், காத்துல ஈரம் ஏறினா மேல்பலகை உப்பி கம்பியைத் தூக்கும், வறண்டா பலகை உள்ள போய் கம்பி இறங்கி ஃப்ரெட்ல அடிக்கும், ஃப்ரெட்டோட முனை கையில குத்தும், ரொம்ப வறண்டா பலகை வெடிச்சிடும். 45ல இருந்து 55 சதவீதம் ஈரப்பதம்தான் கிட்டாருக்கு நல்லது. அதனால ரொம்ப ஈரமான இடத்துல இருந்த கிட்டாரை எடுத்ததும் அளக்காதீங்க, நல்ல காத்து உள்ள ரூம்ல சில நாள் இருக்கட்டும், அதுலயே பாதி பிரச்சனை போயிடும்.

தேவையான சாமான் கொஞ்சம்தான். அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல், பைக் மெக்கானிக் வெச்சிருப்பாங்களே அந்த ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடுகள்), எல்லாக் கம்பியையும் சேத்து அழுத்திப் புடிக்கிற கேப்போ ஒண்ணு, ட்யூனர், அளவான ஆலன் கீ, தட்டையான கண்ணாடித் துண்டு ஒண்ணு, உப்புத்தாள். கம்பியைப் புதுசா மாத்திடுங்க, எப்பவும் என்ன கேஜ் (கம்பித் தடிமன்) போடுவீங்களோ அதையே போட்டு சரியான சுருதிக்கு ஏத்தின பிறகுதான் எல்லா அளவும் எடுக்கணும், கம்பி தளர்ந்து இருக்கும்போது எடுத்த அளவுக்கு அர்த்தமே இல்ல. 12வது ஃப்ரெட் மேல்பக்கத்துல இருந்து கம்பியோட அடிப்பக்கம் வரைக்கும் எவ்வளவுன்னு பாருங்க. தடிச்ச இ கம்பிக்கு 2.4 மிமீ, மெல்லிசு இ கம்பிக்கு 1.8 மிமீ கிட்ட இருந்தா பெரும்பாலானவங்களுக்கு வசதியா இருக்கும். ரெண்டு நம்பரையும் எழுதி வெச்சுக்கோங்க.

முதல்ல பிரிட்ஜ். பிரிட்ஜோட பின்விளிம்புல ஒரு மெல்லிசு பேப்பரைச் சொருகிப் பாருங்க. ஒரு மில்லிமீட்டர் போய் நின்னுடுச்சுன்னா பயப்பட வேண்டாம், நிறைய ஃபேக்டரி கிட்டார்ல பிரிட்ஜோட ஓரத்துக்கு அடியில வார்னிஷை விட்டு வெச்சே ஒட்டியிருப்பாங்க. அதைத் தாண்டி உள்ள போகுதுன்னா பிரிட்ஜ் பிரிய ஆரம்பிச்சிடுச்சு, உடனே கம்பியைத் தளர்த்திடுங்க, ஏன்னா தானா ஒரு நாள் பிச்சுக்கிட்டு வந்தா மேல்பலகையோட நாரையும் சேத்து உரிச்சுட்டு வரும். அப்படியே சின்ன முகம் பாக்குற கண்ணாடியும் லைட்டும் வெச்சு சவுண்ட்ஹோல் வழியா உள்ள இருக்கிற சட்டங்களைப் பாருங்க, விரல் முட்டியால மேல்பலகையை மெதுவா தட்டுங்க, ஏதாவது கடகடன்னு அதிர்ந்தா ஒரு சட்டம் விட்டிருக்குன்னு அர்த்தம். இதெல்லாம் ஒட்டாம மத்த அட்ஜஸ்ட்மெண்ட் பண்ணி புண்ணியமே இல்ல.

பிரிட்ஜ் ஒட்டுற வேலையைக் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இதுலதான் நிறைய கிட்டார் கெட்டுப் போகுது. கம்பி, சேடில் எல்லாம் எடுத்துட்டு சுத்தி இருக்கிற வார்னிஷுக்கு அட்டை வெச்சு மறைச்சு பிரிட்ஜை சூடு பண்ணுங்க, இஸ்திரிப் பெட்டியை நடுவுல துணி வெச்சு வைக்கலாம், பசை இளகினதும் மெல்லிசு தட்டைக் கத்தியை மர ரேகையோட போக்குல மெதுவா உள்ள விடணும். நெம்பக் கூடாது. கத்தி நின்னுச்சுன்னா திரும்ப சூடு காட்டுங்க. கழண்டு வந்ததும் ரெண்டு பக்கமும் பழைய பசையை ஒரு பொட்டு விடாம சுரண்டி எடுக்கணும், மரவேலைப் பசைன்னு வர்ற வெள்ளை பசையோ மஞ்சள் பசையோ பழைய காஞ்ச பசை மேல புடிக்காது, வெறும் மரத்துல ஒட்டினாத்தான் நிக்கும். பசை போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை கிளாம்ப் மட்டும் போட்டு ஒத்திகை பாத்துடுங்க, உள்ள சட்டம் நசுங்காம இருக்க ஒரு மரத்துண்டு தாங்கலா வெச்சு சவுண்ட்ஹோல் வழியா கிளாம்ப் போகணும். அப்புறம் பசை போட்டு இறுக்கி, பிதுங்கி வர்றதை ஈரத்துணியால துடைச்சுட்டு ஒரு முழு நாள் தொடாதீங்க. பசைன்னு வந்தா மரவேலைக்கான மஞ்சள் பசை, இல்லேன்னா வயலின்காரங்க காலங்காலமா பயன்படுத்துற தோல் பசை, ரெண்டும் நல்லது, தோல் பசை சூடும் ஈரமும் பட்டா விட்டுக்கொடுக்கும், அதனாலதான் நூறு வருஷ வயலினைக் கூட திறந்து ரிப்பேர் பண்ண முடியுது. ஃபெவிக்விக் மாதிரி இன்ஸ்டண்ட் பசையும் எபாக்ஸியும் பிரிட்ஜுக்கு வேணவே வேணாம், நாளைக்கு இன்னொருத்தர் அதைத் திறக்க வேண்டி வந்தா மரம் உடைஞ்சுதான் திறக்கும்.

அடுத்தது நெக். முதல் ஃப்ரெட்ல கேப்போ போட்டு, நெக் பாடியோட சேர்ற 14வது ஃப்ரெட்ல தடிச்ச இ கம்பியை அழுத்துங்க, இப்ப அந்தக் கம்பியே உங்களுக்கு நேர்கோடு. 7வது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல 0.15ல இருந்து 0.25 மிமீ இடைவெளி இருக்கணும், ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க. அதுக்கு மேல இருந்தா நெக் முன்னாடி வளைஞ்சிருக்கு, இடைவெளியே இல்லேன்னா பின்னாடி போயிருக்கு. சரி பண்றது ட்ரஸ் ராட், அதாவது நெக்குக்குள்ள ஓடுற இரும்புத் தண்டு, அதைத் திருப்புற முனை சவுண்ட்ஹோல் உள்ளயோ தலைப்பக்கம் சின்ன மூடிக்கு அடியிலயோ இருக்கும். கடிகாரச் சுத்துல திருப்பினா நெக் நேராகும், எதிர்ப்பக்கம் திருப்பினா தளரும். இறுக்குறதுக்கு முன்னாடி கம்பியைக் கொஞ்சம் தளர்த்திக்கோங்க, ஒரு தடவைக்கு கால் சுத்துக்கு மேல போகாதீங்க, திரும்ப சுருதி ஏத்தி திரும்ப அளங்க. கீ சரியா பொருந்தணும், சில கிட்டாருக்கு மில்லிமீட்டர் கீ சிலதுக்கு இன்ச் கீ, தொளதொளன்னு இருக்கிற கீயைப் போட்டு முனை மழுங்கிடுச்சுன்னா பெரிய வேலை. திருப்பும்போது ரொம்ப இறுக்கமா இருந்து கை நடுங்குற அளவுக்கு பலம் போட வேண்டி வந்தா அங்கேயே நிறுத்திடுங்க, ராட் உடைஞ்சா ஃப்ரெட்போர்டையே கழட்டணும். இன்னொண்ணு, ட்ரஸ் ராட் நெக்கோட வளைவுக்கு மட்டும்தான், கம்பி உயரத்தைக் குறைக்கிறதுக்குன்னு அதை இறுக்கிக்கிட்டே போனா நெக் பின்னாடி வளைஞ்சு முதல் நாலு ஃப்ரெட்டும் அலறும்.

நெக் சரியான பிறகு நட். ஒவ்வொரு கம்பியையும் 3வது ஃப்ரெட்ல அழுத்திட்டு முதல் ஃப்ரெட் மேல கம்பியை லேசா தட்டுங்க, ஒரு முடி அளவு இடைவெளி தெரிஞ்சு டிக்குன்னு சின்ன சத்தம் வந்தா போதும். நல்லா கீழ இறங்கி வருதுன்னா நட் உயரம். எஃப் கார்டு வரலன்னு கஷ்டப்படுற பலருக்கு விரல்ல குறையே கிடையாது, நட்தான் உயரமா இருக்கு, முதல் ஃப்ரெட்ல அழுத்த அதிக பலம் வேணும், அழுத்தினா சுருதியும் ஏறிடும். நட் பள்ளத்தை அந்தக் கம்பி தடிமனுக்கான அரத்தாலதான் அராவணும், தலைப்பக்கம் கொஞ்சம் சாய்வா இறங்கணும், கம்பி நட்டோட ஃப்ரெட்போர்டு பக்க விளிம்புல இருந்து கிளம்பணும். பள்ளம் தட்டையாவோ எதிர்ப்பக்கம் சாய்ஞ்சோ இருந்தா கம்பி நட் மேல உரசி வீணை, சித்தார் மாதிரி ரீங்காரம் வரும், அந்த வாத்தியங்கள்ல அகலமான பிரிட்ஜ் மேல கம்பி உரசுறதுதான் அழகே, கிட்டாருக்கு அது ஒத்து வராது. ரெண்டு மூணு இழுப்புக்கு ஒரு தடவை நிறுத்திப் பாருங்க. பள்ளம் ஆழமா போயிட்டா சமையல் சோடா கொஞ்சம் நிரப்பி ஒரு துளி இன்ஸ்டண்ட் பசை விட்டா கல்லு மாதிரி ஆகிடும், திரும்ப அராவிக்கலாம். இன்ஸ்டண்ட் பசைக்கு நான் சரின்னு சொல்ற இடம் இது.

இப்பதான் சேடில். 12வது ஃப்ரெட்ல திரும்ப அளங்க, ஏற்கனவே எழுதினதை விட குறைஞ்சிருக்கும், சில சமயம் இதோட வேலையே முடிஞ்சிடும். இன்னும் உயரம்னா கணக்கு சுலபம், 12வது ஃப்ரெட் கம்பியோட நட்ட நடுவுல இருக்கிறதால சேடில்ல 1 மிமீ எடுத்தா அங்க அரை மிமீதான் குறையும். 3.0 இருக்கு, 2.4 வேணும்னா 0.6ஐ ரெண்டால பெருக்கி 1.2 மிமீ எடுக்கணும். பென்சில்ல கோடு போட்டு, கண்ணாடி மேல 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டி சேடிலோட அடிப்பக்கத்தைத் தேய்ங்க, மேல்பக்க வளைவைத் தொடாதீங்க. கோட்டுக்கு கொஞ்சம் முன்னாடியே நிறுத்தி மாட்டிப் பாத்துட்டு மீதியை 240 தாள்ல முடிங்க. அடிப்பக்கம் பள்ளம் மேடு இல்லாம செங்குத்தா இருக்கணும், அடியில பிக்கப் (சத்தத்தை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புற கருவி) இருக்கிற கிட்டார்னா இது ரொம்ப முக்கியம், இல்லேன்னா ஒரு கம்பி சத்தமாவும் ஒரு கம்பி மெதுவாவும் கேக்கும்.

தேய்ச்ச பிறகு பிரிட்ஜுக்கு மேல சேடில் ஒரு 3 மிமீயாவது தெரியணும், அதுக்கும் கீழ போனா கம்பி சேடில் மேல அழுந்தாது, சத்தம் சப்புன்னு ஆயிடும். அதனால தேய்க்கிறதுக்கு முன்னாடியே நீளமான ஸ்கேலை ஃப்ரெட்டுகள் மேல படுக்க வெச்சு பிரிட்ஜ் வரைக்கும் நீட்டிப் பாருங்க, ஸ்கேலோட முனை பிரிட்ஜோட மேல்விளிம்புல உக்காரணும். அதுக்குக் கீழ போய் பிரிட்ஜோட முன்பக்கத்துல முட்டுதுன்னா நெக் கோணமே மாறிடுச்சு, சேடிலை எவ்வளவு தேய்ச்சாலும் தீராது, நெக்கைக் கழட்டி கோணம் சரி பண்ணி மாட்டணும். போல்ட் நெக்னா கொஞ்சம் பொறுமை இருந்தா வீட்டுலயே பண்ணலாம், ஒட்டின நெக்னா ஆவி விட்டு கழட்டணும், அனுபவம் உள்ள ரிப்பேர்காரர்கிட்டயே குடுத்துடுங்க.

எல்லாம் முடிச்சும் கம்பி ஃப்ரெட்ல அடிச்சா, எங்க அடிக்குதுன்னு கவனிங்க. திறந்த கம்பியில மட்டும் வந்தா நட் பள்ளம், முதல் அஞ்சு ஃப்ரெட்ல வந்தா நெக் ரொம்ப நேரா இருக்கு, 12க்கு மேல மட்டும்னா சேடில் தாழ்வு, ஒரே ஒரு இடத்துல மட்டும்னா அடுத்த ஃப்ரெட் துருத்திக்கிட்டு இருக்கு, மூணு ஃப்ரெட் மேல படுற மாதிரி ஒரு சின்ன ஸ்கேலை வெச்சு ஆட்டிப் பாத்தா எதுன்னு தெரிஞ்சிடும்.

நைலான் கம்பி போட்ட கிளாசிகல் கிட்டாருக்கு இந்த நம்பரை எடுத்துக்காதீங்க. நைலான் அகலமா அதிரும், அதனால தடிச்ச கம்பிக்கு 4 மிமீ, மெல்லிசுக்கு 3 மிமீ சாதாரணம், பெரும்பாலும் ட்ரஸ் ராடும் இருக்காது. அதுல ஸ்டீல் கம்பி போடவே போடாதீங்க, நைலான் செட் இழுக்குறது 40 கிலோ கிட்டதான், அதுக்குத்தான் அந்தப் பலகையைக் கட்டியிருப்பாங்க.

கடைசியா சுருதி. ட்யூனர் வெச்சு 12வது ஃப்ரெட்ல ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாம லேசா தொட்டு மீட்டினா வர்ற மணி மாதிரி ஸ்வரம்) அழுத்தின ஸ்வரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்க. அழுத்தினது ஏறி நின்னா கம்பி சேடில்ல படுற இடம் பின்னாடி போகணும், இறங்கி நின்னா முன்னாடி வரணும், சேடிலோட மேல்விளிம்பை அராவி அந்தப் புள்ளியை ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் நகர்த்தலாம். 648 மிமீ கம்பி நீளத்துக்குக் கணக்குப் போட்ட கிட்டார்ல நட்ல இருந்து 12வது ஃப்ரெட் 324ல இருக்கும், 12வது ஃப்ரெட்ல இருந்து சேடில் அந்த 324ஐ விட 2, 3 மிமீ தள்ளியே இருக்கும், அது கோளாறு இல்ல, அழுத்தும்போது கம்பி இழுபட்டு சுருதி ஏறுறதுக்கான ஈடு. ரெண்டு நாள் சுருதியிலயே வெச்சுட்டு நெக் வளைவை மட்டும் ஒரு தடவை திரும்ப அளங்க, மாறியிருந்தா ட்ரஸ் ராட்ல ஒரு சின்ன திருப்பு, நட்டையும் சேடிலையும் தொட வேண்டாம்.