ஷெட்டு வெல்டிங்ல நடக்கற தப்புங்க: ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி பாத்துடுங்க

பெங்களூர்ல பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணின்னு எந்தப் பக்கம் போனாலும் இரும்பு ஷெட்டு தான், ஃபேக்டரி ஷெட்டு, குடோன், அது போக வீட்டு மொட்டை மாடில பி.ஜி.க்கும் ஜிம்முக்கும் போடற ஷீட்டு கூரை வேற. இந்த வேலைல நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கத்துலேருந்து வந்து செட்டில் ஆனவங்க, கை சுத்தமான வெல்டருங்க. ஆனாலும் பல ஷெட்டுல ஜாயின்ட்டப் பாத்தா வயித்தக் கலக்குது. அதுக்குக் காரணம் வெல்டருக்கு வேலை தெரியலங்கறது இல்ல, வெல்டிங்குன்னு தனியா யாரும் காசும் கொடுக்கறதில்ல, பாக்கறதும் இல்ல, அதான்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஃபேப்ரிகேஷன் வேலைய நாம கிலோ ரேட்டுல தான பேசறோம்? 10 டன் ஷெட்டுன்னா 10 டன்னுக்கு பில்லு. ஒவ்வொரு ஜாயின்ட்டையும் ரெண்டு பக்கமும் ஃபுல்லா வெல்டு பண்ணாலும் சரி, அங்கங்க ஒரு இஞ்ச் இழுத்து விட்டாலும் சரி, எடை மேடைல பெரிசா எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனா கூலில, வெல்டிங் ராடுல, கரண்ட்டுல நாள் கணக்கா வித்தியாசம் வரும். அப்ப எங்க மிச்சம் பிடிப்பாங்க? வெல்டுல தான். அதனால கொட்டேஷன்லயே "6 எம்.எம். ஃபில்லட், ரெண்டு பக்கமும், ஃபுல் லெங்த், பெயிண்ட்டுக்கு முன்னாடி இன்ஸ்பெக்ஷன்"னு எழுதி வாங்கிடுங்க. ஃபில்லட்னா ரெண்டு பிளேட்டு சேர்ற மூலைல முக்கோணமா போடற வெல்டு. இத எழுதாம விடறது தான் முதல் தப்பு, அது ஓனர் பண்ற தப்பு, கான்ட்ராக்டர் மேல மட்டும் பழி போட முடியாது.

சைஸ் விஷயத்துக்கு வரேன். டிராயிங்ல 6 எம்.எம். ஃபில்லட்னு இருக்கும், சைட்ல 4 எம்.எம். தான் விழுந்திருக்கும், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரி தான் தெரியும். ஆனா ஃபில்லட்டோட பலம் அதோட த்ரோட்டுல (மூலைலேருந்து வெல்டு முகம் வரைக்கும் இருக்கற தடிமன்) இருக்கு, அது லெக் சைஸ்ல (வெல்டு ஒரு பிளேட்டு மேல படியற அகலம்) 0.7 பங்கு தான். இரும்புக் கட்டடத்துக்கான இந்திய கோடு ஐ.எஸ். 800:2007 கணக்குப்படி, நம்ம சாதா 410 கிரேடு இரும்புல ஒர்க்ஷாப்ல போட்ட 6 எம்.எம். ஃபில்லட், முழுசா வேலை செய்யற நீளம் 100 எம்.எம். இருந்தா, டிசைனுக்கு சுமாரா 80 கிலோ நியூட்டன் தாங்கும், அதாவது 8 டன். அதே 4 எம்.எம்.னா 5 டன் சொச்சம். மேல ஏறி சைட்ல போட்ட வெல்டுன்னா கோடே அத நம்பறதில்ல, சேஃப்டி ஃபேக்டர் 1.25லேருந்து 1.5 ஆயிடும், 6 எம்.எம். வெல்டே 6.7 டன்னுக்கு இறங்கிடும். இதுல வெல்டு ஆரம்பிக்கற முனையும் முடியற முனையும் சரியா பிடிச்சிருக்காதுன்னு, மொத்த நீளத்துலேருந்து சைஸப் போல ரெண்டு மடங்கு கழிக்கச் சொல்றாங்க. 50 எம்.எம். வெல்டுன்னா வேலை செய்யறது 38 தான். அப்ப அங்க ஒரு இஞ்ச் இங்க ஒரு இஞ்ச்னு இழுக்கறதுல கணக்குக்கு என்ன மிஞ்சும்னு நீங்களே பாத்துக்கோங்க. அதுக்காக குண்டு குண்டா ஏத்தினா நல்லதுன்னும் நினைக்காதீங்க, சூடு ஜாஸ்தியாகி பிளேட்டு வளையும், மெல்லிசு பிளேட்டோட ஓரமே உருகிப் போயிடும். ஃபில்லட் கேஜ்னு சின்ன தகடு மாதிரி ஒண்ணு எஸ்.பி. ரோட்டுல கிடைக்கும், வாங்கி பாக்கெட்டுல வெச்சுக்கோங்க.

எனக்கு ரொம்ப கோவம் வர்ற தப்பு ஒண்ணு இருக்கு, கேப்ல கம்பி வெச்சு அடைக்கறது. ஒரு ஷெட்டுல ராஃப்டர் (கூரையத் தாங்கற சாய்வு பீம்) ஜாயின்ட், 12 எம்.எம். ஃபிளேஞ்ச் (பீமோட மேல், கீழ் பட்டை). கேஸ் கட்டிங் கோணலா போயிருக்கு, ரெண்டு பீஸும் சேரல, நடுவுல கிட்டத்தட்ட 10 எம்.எம். இடைவெளி. மேல பாத்தா பீட் (வெல்டு வரி) அழகா மீன் செதில் மாதிரி படிஞ்சிருக்கு, யாருக்கும் சந்தேகமே வராது. ஆனா அகலம் கொஞ்சம் ஓவரா இருக்கேன்னு கிரைண்டர் வெச்சு ஒரு 3 எம்.எம். இறக்கினா உள்ள உருண்டையா கம்பி தெரியுது, 8 எம்.எம். கம்பி, அதுக்கு ரெண்டு பக்கமும் கறுப்பா கோடு. கோடுன்னா அது ஒட்டவே இல்லன்னு அர்த்தம். மேஸ்திரி சொல்றாரு, "மேல ரெண்டு ரன்னு போட்டிருக்கோம் சார், எங்க சார் போகப்போகுது?" 12 எம்.எம். தடிமன்ல மேல 3 எம்.எம். தோல் மட்டும் தான் லோடு தாங்குது, மிச்சம் வெறும் அடைசல். இது தெரியாம இல்ல அவருக்கு, பீஸ திருப்பி வெட்டினா ஒரு நாள் போயிடும்னு தான்.

பட் ஜாயின்ட்டுன்னா, அதாவது ரெண்டு பிளேட்டு ஓரத்தோட ஓரம் நேரா சேர்ற இடம்னா, ரெண்டு ஓரத்தையும் 30 டிகிரி சாய்ச்சு கிரைண்ட் பண்ணி வி மாதிரி ஆக்கணும், அடில 2, 3 எம்.எம். கேப் விடணும், ரூட் ரன் (முதல்ல போடற வரி) அடி வரைக்கும் இறங்கணும், அப்புறம் பின்பக்கம் திருப்பி ரூட்ட சுத்தமா கிரைண்ட் பண்ணி அங்கேயும் ஒரு ரன்னு. திருப்ப முடியாத இடத்துல பேக்கிங் பட்டை (பின்னாடி கேப்ப மூடற இரும்புப் பட்டை) வெச்சு அடிக்கணும். கேப் பெரிசாயிடுச்சா, ஓரத்துல வெல்டு ஏத்தி வளர்த்து, கிரைண்ட் பண்ணி திரும்ப வி எடுக்கணும், ரொம்ப பெரிசுன்னா பீஸையே மாத்தணும். கம்பி, ராடு துண்டு, வாஷர் எதையும் உள்ள திணிக்கக்கூடாது.

"இருபது வருஷமா இப்படித் தான் அடிக்கறோம், எல்லாம் நிக்குது"ன்னு ஒரு பதில் எப்பவும் வரும். தென் கொரியால சியோல் நகரத்துல சோங்சு பாலமும் நின்னுட்டு தான் இருந்துச்சு. 1979ல திறந்தாங்க, 1994 அக்டோபர் 21 காலைல ஆபீஸுக்கும் ஸ்கூலுக்கும் போற நேரத்துல நடு ஸ்பான் ஆத்துல விழுந்து 32 பேர் செத்தாங்க. பிரிச்சுப் பாத்தா ட்ரஸ் (முக்கோண முக்கோணமா கட்டின இரும்புச் சட்டம்) ஜாயின்ட்ல வெல்டு முழு ஆழத்துக்கு இறங்கவே இல்ல. லோடு ஏறி இறங்க ஏறி இறங்க கிராக் கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்துட்டே இருந்திருக்கு. 15 வருஷம் நின்னதால வெல்டு நல்லதுன்னு ஆயிடல.

அடுத்து ராடு. சைட்ல எதுக்கெடுத்தாலும் 6013ங்கற ராடு வகை தான், ஆர்க் சுலபமா பிடிக்கும், பீட் அழகா வரும், கிரில்லுக்கும் கேட்டுக்கும் அது போதும். ஆனா தடி பிளேட்டு, காலம் (தூண்) ராஃப்டர் சேர்ற முட்டி, கிரேன் ஓடற கேன்ட்ரி பீம், இங்கெல்லாம் 7018 மாதிரி லோ ஹைட்ரஜன் ராடு தான் வேணும். சரி, 7018 வாங்கிட்டாங்க, அதோட முடிஞ்சுதா? பாக்கெட்ட பிரிச்சு மழைக்காலத்துல ஸ்லாப் மேல போட்டு வெச்சிருப்பாங்க. அந்த ராடோட கோட்டிங் ஈரத்த உறிஞ்சிக்கும், ஆர்க்ல அந்த ஈரம் ஹைட்ரஜனா மாறி இரும்புக்குள்ள போயிடும், வெல்டு ஆறின அப்புறம் ஓரத்துல உள்ளேருந்து கிராக் விடும். இதுல கொடுமை என்னன்னா உடனே தெரியாது, ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு கூட வரும், அதனால தான் தடியான ஜாயின்ட்ட 48 மணி நேரம் விட்டு செக் பண்ணச் சொல்றாங்க. 7018 ராட பாக்கெட்ல போட்டிருக்கற சூட்டுல ஓவன்ல காய வைக்கணும், பெரும்பாலும் 250லேருந்து 350 டிகிரில ஒண்ணு ரெண்டு மணி நேரம், அப்புறம் வெல்டர் பக்கத்துலயே சின்ன ஓவன்ல சூடா இருக்கணும், கைல நாலு நாலா எடுத்துக்கணும். 6013ஐ இந்த சூட்டுல வைக்கக்கூடாது, அதுக்கு கோட்டிங்ல கொஞ்சம் ஈரம் வேணும், வறுத்துட்டா ஆர்க்கே சரியா வராது.

ராடு மேல இருக்கற நம்பர் பெரிசா இருந்தா போதும்னும் இல்ல. 1994 ஜனவரி 17ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நார்த்ரிட்ஜ்ல நிலநடுக்கம் வந்தப்ப, இரும்பு ஃபிரேம் பில்டிங் தான் பூகம்பத்துக்கு பெஸ்ட்டுன்னு எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க. அந்த இரும்பு பில்டிங் எதுவும் மொத்தமா விழல தான், ஆனா சுவரப் பிரிச்சுப் பாத்தா நூத்துக்கும் மேல பில்டிங்ல பீமும் காலமும் சேர்ற வெல்டு வெடிச்சிருந்துச்சு. அங்க யூஸ் பண்ண வெல்டிங் வயருக்கு இழுவை பலம் இருந்துச்சு, அதிர்ச்சிய தாங்கற குணம் தான் கம்மி, போதாததுக்கு பேக்கிங் பட்டைய அப்படியே விட்டதால ரூட்ல இருந்த குறை வெளிய தெரியவே இல்ல.

இன்னொண்ணு, இத யாரும் சீரியஸா எடுத்துக்கறதில்ல. ஷெட்டு முடிஞ்ச அப்புறம் எலக்ட்ரீஷியன் வருவாரு, கேபிள் ட்ரேக்கு ஒரு கிளிப்பு, ஃபேனுக்கு ஒரு கொக்கி, பைப்புக்கு ஒரு ஆங்கிள், எங்க கை எட்டுதோ அங்க ஒரு டேக் (சின்ன புள்ளி வெல்டு). பெரும்பாலும் அது பீமோட கீழ் ஃபிளேஞ்ச்ல தான் விழும், இழுவை முழுக்க இருக்கற இடம் அது. கேன்ட்ரி பீம்ல இப்படி வெச்சா கிரேன் போற ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்ன வெல்டோட ஓரத்துல கிராக் வளர வாய்ப்பு இருக்கு. 1980 மார்ச் 27ல வட கடல்ல அலெக்ஸாண்டர் கீலாண்டுன்னு ஒரு மிதக்கற மேடை கவிழ்ந்து 123 பேர் செத்தாங்க. ஒரு பிரேசிங் பைப்புல (காலுங்கள இணைச்சுப் பிடிக்கற பைப்பு) சோனார் கருவி மாட்டறதுக்கு ஒரு ஃபிட்டிங் வெச்சிருந்தாங்க, அதுக்குப் போட்ட 6 எம்.எம். ஃபில்லட்லேருந்து தான் கிராக் ஆரம்பிச்சுது. அந்த வெல்டு மேடையோட லோடு எதையும் தாங்கறதுக்குப் போட்டது இல்ல. அதனால கேன்ட்ரி பீம்ல வெல்டே வேணாம், கிளாம்ப் போட்டு மாட்டுங்க, எலக்ட்ரிக்கல் ஆளுங்க கிட்ட முதல் நாளே சொல்லிடுங்க.

மொட்டை மாடி ஷெட்டு ஆளுங்க இதப் படிங்க. ஏப்ரல், மே மாசத்துல சாயங்காலம் அடிக்கற காத்து மழை உங்களுக்கே தெரியும். காத்து லோடுக்கான கோடு ஐ.எஸ். 875ல பெங்களூருக்கு அடிப்படை காத்து வேகம் செகண்டுக்கு 33 மீட்டர், சென்னைக்கு 50. நம்மளுது கம்மின்னு தைரியமா இருக்காதீங்க, மத்த ஃபேக்டர் எல்லாம் விட்டுட்டு வெறும் 33க்கே சதுர மீட்டருக்கு 65 கிலோ அழுத்தம் வருது. 20க்கு 30 அடி கூரைன்னா மூணரை டன். ஷீட்டும் பர்லினும் (ஷீட்டத் தாங்கற குறுக்குச் சட்டம்) சேர்ந்த எடை அதுல ஒரு சின்ன பங்கு தான், அப்ப காத்து கூரையத் தூக்கத் தான் பாக்கும், பில்லர கீழ இழுத்துப் பிடிக்கறது அடில இருக்கற வெல்டு மட்டும் தான். அங்க என்ன பண்றாங்க, பழைய கான்கிரீட் தூண்லேருந்து நீட்டிட்டு இருக்கற துருப்பிடிச்ச கம்பில பாக்ஸ் பைப்ப சேர்த்து நாலு டேக், மேல சிமெண்ட் பூசி மூடிடறாங்க. பேஸ் பிளேட் வெச்சு, ஸ்லாப்ல ஆங்கர் போட்டு, பைப்ப சுத்தி ஃபுல் வெல்டு வேணும். பெரிய ஷெட்டுலயும் இதே கதை தான், ஃபவுண்டேஷன் போல்ட் ஓட்டைக்கு நேரா வரலன்னா ஓட்டைய கேஸ்ல பெரிசாக்கறாங்க, இல்ல போல்ட்ட பிளேட்டோட சேர்த்து வெல்டு பண்றாங்க. 8.8 மாதிரி ஹை டென்சில் போல்ட்டுன்னா அது ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணது, சூடு காட்டினா அந்த பலமே போயிடும். டிசைனர கூப்பிட்டு கேளுங்க.

ஜி.ஐ. பைப்புன்னா வெல்டு பண்ற இடத்துல ஜிங்க்க கிரைண்ட் பண்ணி எடுத்துட்டு அடிங்க, இல்லன்னா பீட்ல ஓட்டை ஓட்டையா வரும், அந்தப் புகை வெல்டருக்கு காய்ச்சலும் கொண்டு வரும். ரெண்டு எம்.எம். இசட் பர்லினுக்கு வெல்டே வேணாம், போல்ட் தான். டேக் மட்டும் போட்டு ராஃப்டர ராத்திரி நிக்க விட்டுட்டு போகாதீங்க, பிரேசிங் மாட்டிட்டு போங்க.

வெல்டர எப்படி செலக்ட் பண்றதுன்னு கேப்பீங்க. ரெண்டு 10 எம்.எம். பிளேட்ட டி மாதிரி நிக்க வெச்சு, ஒரே பக்கம் மட்டும் ஃபில்லட் போடச் சொல்லுங்க. ஆறினதும் வெல்டு இருக்கற பக்கம் சாயற மாதிரி சுத்தியலால அடிச்சு மடக்குங்க. உடைஞ்ச இடத்துல வேர் வரைக்கும் ஒரே மாதிரி இரும்பு தெரிஞ்சா அவர் கை நல்ல கை. மூலைல பிளேட்டோட பழைய ஓரம் அப்படியே உருகாம தெரிஞ்சா, இல்ல ஸ்லாக் (ராடு கோட்டிங் உருகி உறையற கசடு) கறுப்பா மாட்டி இருந்தா, ஆம்பியர மாத்திட்டு திரும்ப போடச் சொல்லுங்க. அவர திட்டாதீங்க, நீட்டுக் கேபிள்ல கரண்ட்டு குறைஞ்சு கூட அப்படி வரும். "அண்ணே, இந்த மெஷின் இழுக்கல"ன்னு அவர் சொன்னா அத காது கொடுத்து கேளுங்க.

செக்கிங்னா பெரிய மெஷின் எல்லாம் அப்புறம். ஸ்லாக்க தட்டி, வயர் பிரஷ் போட்டு, டார்ச்ச பக்கவாட்டுல பிடிச்சுப் பாத்தாலே அண்டர்கட்டு (வெல்டு ஓரத்துல பிளேட்டு குழிஞ்சு போறது), ஓட்டை, முடியற இடத்துல நட்சத்திரம் மாதிரி கிராக், பாதில நிறுத்தின வெல்டு எல்லாம் பிடிபடும். சந்தேகம் இருந்தா டி.பி. டெஸ்ட் (டை பெனட்ரன்ட், சாயம் அடிச்சுப் பாக்கறது), மூணு ஸ்பிரே டப்பா தான், கிராக் இருந்தா வெள்ளைல சிவப்பு கோடா எழும்பும். அது மேல்பரப்புக்கு மட்டும். முக்கியமான பட் ஜாயின்ட்டுக்கு அல்ட்ராசானிக் டெஸ்ட் (ஒலி அலையால உள்ள பாக்கறது) பண்ணியே ஆகணும். எல்லாம் முடிஞ்ச அப்புறம் தான் ரெட் ஆக்சைடு டப்பாவத் திறக்க விடணும், சில பேர் பட்டி பூசி மழமழன்னு ஆக்கிட்டு கூப்பிடுவாங்க, அப்படி இருந்தா பட்டிய சுரண்டச் சொல்லுங்க.

ஏற்கனவே பெயிண்ட் அடிச்சு நிக்கற ஷெட்டுன்னா வெல்டு ஓரத்துல பெயிண்ட்ல முடி மாதிரி வெடிப்பு, அதுலேருந்து துரு ஒழுகின கோடு இருக்கான்னு பாருங்க, முதல்ல ராஃப்டர் ஜாயின்ட், காலம் முட்டி, பேஸ் பிளேட். கிராக் கிடைச்சா அது மேலயே ஒரு ரன்னு போட்டு மூடிடாதீங்க, உள்ள கிராக் அப்படியே இருக்கும். என்ஜினியர வெச்சு அந்த மெம்பருக்கு கீழ முட்டு கொடுத்து லோட எடுத்துட்டு, கிராக் சுத்தமா போற வரைக்கும் கிரைண்ட் பண்ணி, டி.பி. அடிச்சு சிவப்பு கோடு வரலன்னு பாத்த அப்புறம் தான் ராட கைல எடுக்கணும்.