காது வலிக்கும் வரை காத்திருக்காதீர்கள்

புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா டைவிங் (காற்று உருளையைச் சுமந்து நீருக்கடியில் நீந்துவது) கற்றுக்கொடுக்கிறேன். போன வாரம் நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கிய ஒரு தம்பி, நாலு மீட்டரில் முகத்தைச் சுளித்தார். நலமா என்று கைகாட்டிக் கேட்டேன். விரலை வளைத்து 'சரி' என்று காட்டிவிட்டு இன்னும் இறங்கப் பார்த்தார். பிடித்து மேலே கொண்டுவந்தேன். பல வருடங்களுக்கு முன் நான் செய்ததும் இதேதான். மாஸ்க்கில் தண்ணீர் புகுவது, காலில் மாட்டும் துடுப்பு கழன்றுபோவது எல்லாம் இரண்டு நாள் பழகினால் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிட்டு, உடம்பைக் கெடுக்கும் நாலு தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வலித்த பிறகு காதைச் சரிசெய்யப் பார்ப்பது

கடல் மட்டத்தில் அழுத்தம் 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு). 10 மீட்டர் ஆழத்தில் 2 பார், 20 மீட்டரில் 3. அழுத்தம் இரட்டித்தால் வாயுவின் கன அளவு பாதியாகும் என்பது 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. அதாவது முதல் பத்து மீட்டரிலேயே காற்று பாதியாகச் சுருங்கிவிடுகிறது. அடுத்த பத்து மீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் இறங்குகிறது. ஆழத்தில்தான் ஆபத்து என்று நினைத்து மேலே அசட்டையாக இருக்கிறார்கள். காது அடிவாங்குவது பெரும்பாலும் முதல் சில மீட்டர்களில்தான்.

செவிப்பறைக்குப் பின்னால் ஒரு சின்னக் காற்றறை இருக்கிறது. அதற்குக் காற்று போக ஒரே வழி, மூக்கின் பின்பக்கத்தில் திறக்கும் யூஸ்டேசியன் குழாய். அதன் வாய் மிருதுவானது. அழுத்த வித்தியாசம் கூடிவிட்டால் அது நசுங்கி மூடிக்கொள்ளும், அப்புறம் மூக்கைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு ஊதினாலும் திறக்காது. பலம்கொண்டு ஊதினால் உட்காதுகூடச் சேதமாகலாம்.

நான் ஊதினேன். ஆறு மீட்டரில் இருந்தேன், மற்றவர்கள் கீழே எனக்காகக் காத்திருந்தார்கள், வெட்கமாக இருந்தது. உள்ளே ஏதோ கிழிந்தது. வலி சட்டென்று நின்றது, குளிர்ந்த நீர் காதுக்குள் போனது, உலகமே சுழன்றது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குமிழ்கள் போகும் திசையைப் பார்த்துத்தான் மேலே வந்தேன். செவிப்பறையில் ஓட்டை. இரண்டு மாதம் கடலில் இறங்கக் கூடாது என்றார் மருத்துவர்.

இன்றும் அதே வெட்கத்தைப் பிள்ளைகளின் முகத்தில் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. வலியைத் தாங்குவது இங்கே வீரமே இல்லை. தலை முழுகும் முன்பே ஒருமுறை மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள். இறங்கும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் ஒருமுறை, எச்சிலும் விழுங்கலாம். காது இறுகினால் ஒரு மீட்டர் ஏறி மறுபடி முயலுங்கள். திறக்கவில்லையா, அன்றைய டைவை விட்டுவிடுங்கள். யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள், நினைத்தால் அவர்களோடு இறங்காதீர்கள்.

சளிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதும் இதே தவறுதான். கீழே இருக்கும்போது மருந்தின் வேலை முடிந்துவிட்டால், ஏறும்போது விரியும் காற்று வெளியே வர வழியில்லை. இறங்காமல் இருந்துவிடலாம், ஏறாமல் இருக்க முடியுமா?

மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறுவது

ஒருபோதும் கூடாது. நுரையீரல் நிறையக் காற்றோடு ஒன்றரை மீட்டர் ஏறினாலே கிழியலாம்.

நீச்சல் கண்ணாடியோடு இறங்குவது

மூக்கு அதற்கு வெளியே இருக்கிறது, உள்ளே காற்று ஊத முடியாது. கண் ரத்தச் சிவப்பாகிவிடும்.

டைவ் முடிந்த இரவே மலைக்குப் போவது

விமானம் ஏறக் கூடாது என்பது பலருக்குத் தெரிகிறது. அதே ஆட்கள் ஞாயிறு மாலை கொடைக்கானலுக்குக் கார் எடுக்கிறார்கள். அந்த ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரம், விமானத்துக்குள் இருப்பதும் ஏறக்குறைய அந்த உயரத்தின் அழுத்தம்தான். ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் முழுதாக வெளியேறுமுன் அழுத்தம் குறைந்தால் அது குமிழாகும். ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் மலையேறாமல் கடலோரத்திலேயே இருங்கள். மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல் வந்தால் தூங்கினால் சரியாகும் என்று படுக்காதீர்கள். உடனே ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள், டைவ் செய்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.