மோட்டார் நியூரான் நோயில் விழுங்கும் சிரமமும் முகத்தசைத் தளர்ச்சியும்: வீட்டில் செய்ய வேண்டியவை, படிப்படியாக

மோட்டார் நியூரான் நோயில் விழுங்கும் தசைகள் தளரத் தொடங்கியதும், உடனிருப்பவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, “இன்னும் கொஞ்சம் முயன்று விழுங்குங்கள்” என்பதுதான். அது அன்பினால் வரும் சொல். ஆனால் தசைக்கு ஆணையைக் கொண்டுசெல்லும் நரம்பணுவே அழிந்துகொண்டிருக்கும்போது, முயற்சியைக் கூட்டினால் களைப்புதான் கூடுகிறது. நம்மால் மாற்ற முடிந்தவை தசையைச் சுற்றி இருப்பவை: அமரும் நிலை, உணவின் பதம், வாய்க்கு எடுக்கும் அளவு, உண்ணும் வேகம், உண்ணும் நேரம். இந்த விளக்கம் முழுவதும் அவற்றைப் பற்றியதே.

படி 1: எந்தத் தசை தளர்ந்திருக்கிறது என்று கவனியுங்கள்

ஒரு வாய் உணவை விழுங்கும்போது உதடுகள் மூடிக்கொள்கின்றன; நாக்கு உணவைத் திரட்டிப் பின்னே தள்ளுகிறது; மென்னண்ணம் (வாயின் மேற்கூரையின் மென்மையான பின்பகுதி) எழுந்து மூக்குக்குச் செல்லும் வழியை அடைக்கிறது; குரல்வளை மேலெழும்பி மூச்சுக்குழாயின் வாயை மூடுகிறது; அதன்பிறகே உணவுக்குழாய் திறக்கிறது. இத்தனைக்கும் ஆணையிடும் நரம்பணுக்களில் பெரும்பாலானவை மூளைத்தண்டில் இருக்கின்றன. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நோய் அந்தப் பகுதியில்தான் தொடங்குகிறது. கை கால்களில் தொடங்கியவர்களில் பலருக்கும் பின்னாளில் அது அங்கே பரவுகிறது.

கோளாறு எங்கே என்பதை உணவே பல வேளைகளில் காட்டிக்கொடுக்கும். வாயோரத்தில் வழிந்தால் உதடு தளர்ந்திருக்கிறது. கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே உணவு தங்கினால் கன்னத்தசையோ நாக்கோ தளர்ந்திருக்கிறது. குடித்த நீர் மூக்கில் ஏறினால் மென்னண்ணம் சரியாக மூடவில்லை. நீர்ப்பொருள் குடித்தவுடன் புரையேறினால் குரல்வளை உரிய நேரத்தில் மூடவில்லை என்று பொருள். ஒரு வாரத்துக்கு இவற்றைக் குறித்துவைத்துச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். “விழுங்கச் சிரமமாக இருக்கிறது” என்று பொதுவாகச் சொல்வதைவிட அந்தக் குறிப்பு பன்மடங்கு பயன்படும்.

படி 2: விழுங்கும் திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள்

உண்டபின் குரல் ஈரமாக, களகளவென்று ஒலிப்பது, ஒரு வேளை உணவுக்கு அரை மணி நேரத்துக்கு மேலாவது, எடை குறைவது, மீண்டும் மீண்டும் நெஞ்சில் சளித்தொற்று வருவது ஆகியவற்றில் எது தோன்றினாலும், பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளரைப் பார்க்க வேண்டும். இருமல் வரவில்லை என்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. உணவோ எச்சிலோ மூச்சுக்குழாய்க்குள் ஓசையின்றி இறங்குவதும் உண்டு. உண்ணும்போதே எடுக்கப்படும் எக்ஸ்ரே காணொளியிலும், மூக்கு வழியாகச் செலுத்தப்படும் மெல்லிய எண்டோஸ்கோப்பிலும் அது தெரிந்துவிடும். கீழே வரும் படிகளில் எது உங்கள் வீட்டவருக்குப் பொருந்தும் என்பதை இந்தச் சோதனைக்குப் பிறகு முடிவு செய்வதே முறை.

படி 3: அமரும் நிலையைச் சரிசெய்யுங்கள்

முதுகு நிமிர்ந்து, இடுப்பு நாற்காலியின் பின்புறத்தைத் தொட்டு, பாதங்கள் தரையிலோ பலகையிலோ பதிந்திருக்க வேண்டும். தலை பின்னால் சாயவே கூடாது. சாய்ந்தால் மூச்சுவழி அகலமாகத் திறந்து, நீர் தானாகவே தொண்டைக்குள் ஓடிவிடும். உணவு ஊட்டுபவர் நின்றுகொண்டு ஊட்டினால் நோயாளி முகத்தை உயர்த்தித்தான் ஆக வேண்டும். ஆகவே ஊட்டுபவர் எதிரே, நோயாளியின் கண்மட்டத்தில் அமர வேண்டும். கழுத்து நிற்காதவர்களுக்குத் தலையணையோ கழுத்துப்பட்டையோ தேவைப்படும். மூக்குக்கு இடம்விட்டு ஒரு பக்கம் வெட்டிய குவளையில் குடித்தால், கடைசி மிடறுக்குக்கூடத் தலையைச் சாய்க்க வேண்டியதில்லை.

முகவாயை நெஞ்சை நோக்கிச் சற்றுத் தாழ்த்தி விழுங்குவது பலருக்கு உதவுகிறது. ஆனால் உதடு நன்றாக மூடாதவருக்கு அதே நிலையில் உணவு வெளியே வழிந்துவிடும். ஆகவே ஒருவருக்குச் சொன்ன யோசனையை இன்னொருவர் அப்படியே பின்பற்றக் கூடாது. உண்டு முடித்த பிறகு குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும்.

படி 4: உணவின் பதத்தை மாற்றுங்கள்

தவறுகள் அதிகம் நேர்வது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தளர்ந்த தொண்டைக்கு மிகக் கடினமானது தண்ணீர். அது வேகமாக ஓடுகிறது. குரல்வளை மூடுவதற்குள் அதைக் கடந்துவிடுகிறது. அடுத்த இடர், உதிரும் உணவும் நார் உள்ள உணவும் கொட்டைகளும். மூன்றாவது, இரண்டு பதங்கள் கலந்த உணவு: காய்த்துண்டு மிதக்கும் சூப்பில், துண்டை மென்றுகொண்டிருக்கும்போதே நீர் தொண்டைக்குள் இறங்கிவிடுகிறது. ஒரே சீராக, ஈரமாக, திரண்டு நிற்கும் உணவே பாதுகாப்பானது. உலர்ந்த எதையும் குழம்பு, வெண்ணெய் போன்ற ஏதாவது ஒன்றால் ஈரப்படுத்திக் கொடுங்கள்.

உலகெங்கும் பயன்படும் ஐ.டி.டி.எஸ்.ஐ. என்னும் தர அளவுகோல் நீர்ப்பொருளையும் உணவையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரிக்கிறது. தண்ணீர் 0, வழக்கமான உணவு 7. சிகிச்சையாளர் “நிலை 2” என்று எழுதிக்கொடுத்தால், அதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அடைப்புத்தண்டை எடுத்துவிட்ட 10 மி.லி. சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்து, பானத்தை 10 மி.லி. கோடு வரை ஊற்றுங்கள். விரலை எடுத்து, 10 வினாடி ஒழுகவிட்டு, மீண்டும் அடைத்து, மீதம் எவ்வளவு என்று பாருங்கள். 1 மி.லி.க்குக் குறைவாக மீந்தால் அது தண்ணீரைப் போன்றது. 1 முதல் 4 வரை மீந்தால் நிலை 1. 4 முதல் 8 வரை நிலை 2. 8க்கு மேல் மீந்தும் சற்றே ஒழுகினால் நிலை 3. ஒன்றுமே ஒழுகாவிட்டால் அது நிலை 4, கரண்டியால் உண்ண வேண்டிய பதம். சிரிஞ்சுகளின் நீளம் வேறுபடுவதால், 0 கோட்டிலிருந்து 10 மி.லி. கோடு வரை 61.5 மி.மீ. இருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

கெட்டியாக்கும் பொடிகளில் இரண்டு வகை உண்டு. மாவுச்சத்துப் பொடி எச்சில் பட்டதும் இளகிவிடும். சாந்தன் பிசினால் ஆனது அப்படி இளகாது. எச்சில் தேங்கும் வாய்க்கு இரண்டாவதே ஏற்றது என்பது என் எண்ணம். அதே வேளையில், கெட்டியாக இருக்க இருக்க நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். நாக்கு வலுவிழந்தவருக்கு மிகக் கெட்டியான பானம் தொண்டையிலேயே தங்கிவிடும்; அதன் சுவை பிடிக்காமல் அவர் குடிப்பதையே குறைத்துக்கொண்டால் உடலில் நீர் வற்றி, சளி இறுகிவிடும். விழுங்கப் போதுமான அளவுக்கு மட்டும், அதற்கு மேல் ஒரு கரண்டிப் பொடிகூடச் சேர்க்காமல் கெட்டியாக்குங்கள்.

மாத்திரைகளும் இதில் அடங்கும். எதையும் பொடிக்கும் முன் மருந்தாளரைக் கேளுங்கள்; சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. இந்த நோய்க்குத் தரப்படும் ரிலுசோலைப் பொடித்தால் வாய் சிறிது நேரம் மரத்துப்போகும். விழுங்குவதற்கு அதுவே இடையூறு. அம்மருந்து நீர்ம வடிவிலும் கிடைக்கிறது.

படி 5: மெதுவாக, களைப்பில்லாத வேளையில் உண்ணச் செய்யுங்கள்

ஒரு தேக்கரண்டிக்கு மேல் வாயில் வைக்க வேண்டாம். வைத்ததை முழுவதும் விழுங்கி, ஒருமுறை வெறுமனே விழுங்கி, தொண்டையைச் செருமிவிட்டு, அதன் பிறகே அடுத்த வாய். உண்ணும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது, தொலைக்காட்சியையும் நிறுத்திவிடுங்கள். விழுங்குவது ஒரு காலத்தில் தானாக நடந்த செயல். இப்போது அதற்கு முழுக் கவனம் தேவைப்படுகிறது. மூன்று பெரிய வேளைகளை ஐந்தாறு சிறிய வேளைகளாகப் பிரித்து, உடலில் தெம்பு மிகுந்த நேரத்துக்குச் சத்தான உணவை வையுங்கள். குளிர்ந்த உணவும் சுவை தூக்கலான உணவும் சிலருக்கு விழுங்கும் உணர்வை எளிதில் தூண்டுகின்றன. உறிஞ்சுகுழலைச் சிகிச்சையாளர் சொல்லாமல் பயன்படுத்த வேண்டாம். அது உதடுகளுக்கு வேலை வைப்பதோடு, நீரை நேரே தொண்டையின் பின்புறத்துக்கு அனுப்பிவிடும்.

படி 6: உதடு, கன்னம், தாடைக்குக் கைகொடுங்கள்

உதடு மூடாதபோது, நோயாளியோ உடனிருப்பவரோ ஆள்காட்டி விரலைக் கீழுதட்டின் அடியிலும் நடுவிரலை முகவாயின் அடியிலும் வைத்து மெல்ல மேலே தாங்கலாம். உணவைக் கரண்டியால் நாக்கின் நடுவில், வலுவான பக்கமாக வைத்து, லேசாக அழுத்திவிட்டு எடுங்கள். கன்னத்தில் தங்கியதை வெளிப்புறமிருந்து விரலால் வருடி நடுவுக்குக் கொண்டுவரலாம். தாடை இறுகி உதட்டையோ கன்னத்தையோ கடித்துக்கொள்பவருக்குத் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்துகள் உண்டு. பல் மருத்துவர் பற்களுக்குச் செய்துதரும் காப்புறையும் உதவும். கொட்டாவி விடும்போது தாடை பிடித்துக்கொள்ளுமானால், முகவாயை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு கொட்டாவி விடப் பழகலாம்.

முகத்தசைகளுக்குக் கடுமையான பயிற்சி தந்தால் அவை மீண்டும் வலுவாகும் என்று யாராவது சொன்னால், நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். முகத்தை மென்மையாக நீவிவிடுவதும், தாடையை மெல்ல அசைத்துத் தளர்த்துவதும் இறுக்கத்துக்கு இதம் தரும். அதற்கு மேல் வருத்தினால் உண்பதற்கு வேண்டிய தெம்பும் போய்விடும்.

படி 7: எச்சிலையும் சளியையும் கையாளுங்கள்

எச்சில் வழிவதைப் பார்த்து, எச்சில் அதிகம் சுரக்கிறது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் எவருக்கும் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். இந்த நோயில் அந்த விழுங்கல் குறைகிறது, அவ்வளவே. நீர்த்த எச்சிலைக் குறைக்கக் காதின் பின்னே ஒட்டும் ஹயோசின் பட்டை, கிளைக்கோபைரோனியம், அமிட்ரிப்டிலின் ஆகிய மருந்துகளும், எச்சில் சுரப்பியில் போடும் போட்டுலினம் ஊசியும் உண்டு. ஆனால் இந்த மருந்துகள் மிகுந்தால் எச்சில் பசைபோல் இறுகித் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே தொந்தரவு நீர்த்த எச்சிலாலா இறுகிய சளியாலா என்று மருத்துவரிடம் பிரித்துச் சொல்ல வேண்டும். இறுகிய சளிக்குப் போதிய நீர், ஈரமான காற்று, நெபுலைசர் (நீர்ம மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சோடு உள்ளிழுக்கத் தரும் கருவி), சளியை இளக்கும் மருந்து ஆகியவை பயன்படும். கையடக்க உறிஞ்சு கருவி படுக்கையருகே இருப்பது நல்லது. இருமும் வலுவே குறைந்துவிட்டால், இருமலுக்குத் துணைசெய்யும் இயந்திரத்தைப் பற்றிக் கேளுங்கள்.

படி 8: வாயைத் தூய்மையாக வைத்திருங்கள்

வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். எனவே நாளுக்கு இரண்டு முறையாவது சிறிய, மென்மையான பிரஷ்ஷும் நுரைக்காத பற்பசையும் கொண்டு துலக்க வேண்டும். வாய் வழியே ஒன்றும் உண்ணாதவருக்கும் இது பொருந்தும். அவர்களுக்குத்தான் இது மிகுதியும் தேவை.

படி 9: புரையேறினால் என்ன செய்வது என்பதை முன்பே பழகுங்கள்

இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள், முன்னால் சாய்த்துப் பிடியுங்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். இரும முடியாமல், ஓசையே வராமல், மூச்சு நின்றால், முன்னால் சாய்த்துத் தோள்பட்டைகளின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்ட வேண்டும். அதற்கும் அடைப்பு நீங்காவிட்டால், பின்னாலிருந்து அணைத்து, மேல்வயிற்றில் உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்த வேண்டும். அதே வேளையில் அவசர உதவியையும் அழைக்க வேண்டும். இதை முறையாக ஒருவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

உணவே இல்லாமல் தொண்டை திடீரென்று அடைத்துக்கொள்வதும் உண்டு. அது குரல்நாண்கள் இழுத்து மூடிக்கொள்வதால் வருவது. பெரும்பாலும் சில வினாடிகளில் தானாகத் தளர்ந்துவிடும். நிமிர்ந்து சற்று முன்னால் சாய்ந்து, மூக்கு வழியே மெதுவாக மூச்சை இழுத்து, உதடு குவித்து விடச் சொல்லுங்கள். உங்கள் குரல் பதறாமல் இருந்தால் அவருக்கும் பதற்றம் தணியும். இந்த நோயில் மூச்சடைத்து இறந்துவிடுவோமோ என்ற அச்சம் ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. உண்மையில் அது மிக அரிதாகவே நிகழ்கிறது என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

படி 10: எடையைப் பாருங்கள், உணவூட்டும் குழாயைப் பற்றி முன்கூட்டியே பேசுங்கள்

வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். இந்த நோயில் பலருடைய உடல் ஓய்விலும் வழக்கத்தைவிட மிகுதியான ஆற்றலைச் செலவிடுகிறது. எடை இழப்பு நோயின் போக்கையே மோசமாக்குகிறது. வயிற்றில் நேரடியாகப் பொருத்தும் உணவூட்டும் குழாயைப் பலர் கடைசிக்கட்டமாக எண்ணித் தள்ளிப்போடுகிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஏனெனில் மூச்சு வலுவாக இருக்கும்போது பொருத்துவதே பாதுகாப்பானது. மூச்சுக் கொள்ளளவு எதிர்பார்க்கும் அளவில் 50 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் முன் பொருத்துவது நல்லதென்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். குழாய் பொருத்திய பிறகும், விழுங்க இயலும் வரை, சுவைக்காக வாய் வழியே உண்ணலாம். வேண்டிய சத்தும் மருந்தும் குழாய் வழியே போய்விடுவதால், உணவு வேளை போராட்டமாக இராது. எச்சில் மூச்சுக்குழாயில் இறங்குவதைக் குழாய் தடுக்காது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. எல்லாவற்றையும் அறிந்த பிறகு, அந்த முடிவை அவர்தான் எடுக்க வேண்டும்.

படி 11: முகம் பேசாதபோது வேறு வழிகளை ஏற்பாடு செய்யுங்கள்

முகத்தசை தளர்ந்தவரின் முகத்தில் மகிழ்ச்சியும் வலியும் ஒன்றுபோலத் தெரியலாம். சிலருக்கு இதற்கு நேர்மாறாக, மனத்தில் இல்லாத சிரிப்போ அழுகையோ அடக்க முடியாமல் பீறிடும். அது மூளையின் கட்டுப்பாட்டுப் பாதைகள் பாதிக்கப்படுவதால் வருவது. அதற்கு மருந்து உண்டு. வீட்டுக்கு வருபவர்களிடம் இதை முன்பே சொல்லிவிட்டால், நோயாளிக்குக் கூச்சம் குறையும்.

பேச்சு தெளிவாக இருக்கும்போதே குரலைப் பதிவுசெய்து வைத்தால், பின்னர் கணினி அவருடைய குரலை ஒத்த குரலில் பேசும். கண்ணசைவுத் தசைகள் பெரும்பாலும் நெடுங்காலம் தப்பி நிற்பதால், பார்வையாலேயே எழுத்துகளைத் தேரும் கருவிகளும் எழுத்துப் பலகைகளும் கைகொடுக்கின்றன. 1963இல் இந்த நோய் கண்டறியப்பட்ட ஸ்டீபன் ஹாக்கிங், பிற்காலத்தில் ஒரு கன்னத்தசையின் அசைவை மட்டும் கொண்டு கணினியை இயக்கினார். கருவி வரும் வரை காத்திருக்க வேண்டாம்: கண்ணை மேலே உயர்த்தினால் “ஆம்”, மூடினால் “இல்லை” என்பதுபோல் நோயாளியே தேர்ந்த சில அடையாளங்களை இன்றே முடிவுசெய்து, வலி, மூச்சுமுட்டல், சளி உறிஞ்ச வேண்டும் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி அடையாளம் வைத்து, எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். மருத்துவமனைக்குச் செல்லும்போது அதன் நகல் ஒன்றையும், உணவுப் பதத்தின் நிலை எண்ணையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.