கம்யூனிஸ்ட் கட்சி வரலாறு எழுத வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தங்கள் ஊர்த் தொழிற்சங்கத்தின் கதையை எழுத ஆசைப்படும் இளைஞர்கள் அவ்வப்போது கையெழுத்துப் படிகளோடு என்னிடம் வருவார்கள். போன மாதம் வந்த மூன்றிலும், இருபது வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறுகள். எழுத்துப்பிழையையோ பெயர்க்குழப்பத்தையோ சொல்லவில்லை. அவை திருத்தும்போது சரியாகிவிடும்.

இன்றைய கட்சியை அன்றைக்கு ஒட்டுவது

"1952 தேர்தலில் மதுரையில் மார்க்சிஸ்ட் கட்சியின் பி. ராமமூர்த்தி வென்றார்" என்றது ஒரு படி. 1952-ல் மார்க்சிஸ்ட் கட்சி ஏது? இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் (சிபிஐ) தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளியேறியதே 1964 ஏப்ரலில்தான். அந்த ஆண்டுக் கடைசியில் கல்கத்தா மாநாட்டில் மார்க்சிஸ்ட் கட்சி (சிபிஎம்) என்று தனிக் கட்சி ஆனார்கள். அதுவரை ராமமூர்த்தியும் ஜீவா என்ற ப. ஜீவானந்தமும் ஒரே கட்சி. ஜீவா 1963 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். அவர் பார்க்காத பிளவில் அவரை எந்தப் பக்கம் நிறுத்துவது?

இந்தத் தவறால் நான் இழந்தது பெரிது. எண்பது வயது தாண்டிய ஒரு பஞ்சாலைத் தொழிலாளி, 1948-க்குப் பிந்தைய அடக்குமுறைக் காலத்தில் தலைமறைவாக இருந்தவர். டேப் ரெக்கார்டரை வைத்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, அப்போ நீங்க சிபிஐயா, சிபிஎம்மா?"

"அப்ப ஏது தம்பி ரெண்டு? கட்சின்னா ஒண்ணுதான்."

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. பிறகு எதில் சேர்ந்தீர்கள், ஏன் என்று துருவினேன். அவர் முகம் மாறிவிட்டது. "இன்னொரு நாள் வா" என்று எழுந்துவிட்டார். பிளவில் அவரும் அவருடைய தம்பியும் ஆளுக்கொரு பக்கம் போய், சாகும்வரை பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அடுத்த முறை நான் போனபோது அவர் உயிரோடு இல்லை. தலைமறைவு நாட்களில் எந்த வீட்டில் சோறு கிடைத்தது, துண்டறிக்கை எங்கே அச்சானது, யார் சுமந்து போனார்கள் எல்லாம் அவரோடு போயின. அந்தக் கேசட்டை இன்றும் வைத்திருக்கிறேன். நாலு நிமிஷம்கூட இல்லை. பார்க்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது.

சங்கங்களிலும் இதே குழப்பம். கட்சி பிளந்தது 1964-ல். மார்க்சிஸ்ட் கட்சியினரின் தொழிற்சங்க அமைப்பான சிஐடியு பிறந்தது 1970 மே மாதம். இடையில் இரண்டு கட்சித் தோழர்களும் பழைய தொழிற்சங்க அமைப்பான ஏஐடியுசி-யிலேயே இருந்தார்கள். 1967 வேலைநிறுத்தம் ஒன்றை சிஐடியு நடத்தியது என்று எழுதினால் அந்த ஆறு வருட இழுபறியே காணாமல் போய்விடும்.

1930-களுக்குப் போனால் இன்னும் கவனம் வேண்டும். 1934-ல் தொடங்கிய காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி காங்கிரசுக்குள்ளேயே இயங்கியது. பின்னர் கம்யூனிஸ்டுகளும் அதில் சேர்ந்து, 1940-ல் வெளியேற்றப்படும்வரை இருந்தார்கள். ஒரே ஆள் ஒரே சமயத்தில் காங்கிரஸ், சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட் மூன்றிலும் இருந்திருக்கலாம். ஒரே கட்சிக்குள் அடைக்காமல், எந்த வருடம் எங்கே இருந்தார் என்று எழுதுங்கள்.

கட்சியின் பிறந்த நாள்

தாஷ்கண்ட், 1920 என்பது மார்க்சிஸ்ட் கட்சியின் கணக்கு. கான்பூர், 1925 என்பது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கணக்கு. யாருடைய கணக்கு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

முதல் மே தினம்

இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் நடத்தியபோது அறிவித்தது லேபர் கிசான் கட்சியை. கம்யூனிஸ்ட் கட்சியை அல்ல.

சமசமாஜம்

இலங்கையின் லங்கா சமசமாஜக் கட்சி கம்யூனிஸ்ட் கட்சி அல்ல. மாஸ்கோவின், அதாவது சோவியத் தலைமையின், பக்கம் நின்றவர்களை வெளியேற்றிய கட்சி அது.

சங்கத்தைக் கட்சி பெற்றெடுத்ததாக எழுதுவது

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் தொடங்கியது. அப்போது இங்கே எந்தத் தொழிலாளர் கட்சியும் கிடையாது. அதன் தலைவர் பி.பி. வாடியா, பிரம்மஞான சபை என்ற ஆன்மிக அமைப்பைச் சேர்ந்தவர். அவரைத் தேடிப்போய் ஆலைத் தொழிலாளர்களின் கஷ்டத்தைச் சொன்ன செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் வியாபாரிகள்.