செருப்பை வைத்துப் படிக்கும் பாய்ப்படகுப் பந்தய விதிகள்

சென்னைத் துறைமுகத்துக்குள் ஆப்டிமிஸ்ட் என்ற சின்னப் பாய்ப்படகை ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்கு வார இறுதியில் பந்தய விதி சொல்லித்தருகிறேன். படகுத்துறைச் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் நீளமாக ஓர் அம்பு போடுவேன், அதுதான் காற்று. அவர்கள் கழற்றிப்போட்ட ரப்பர் செருப்புகள்தான் படகுகள். தண்ணீர் பாட்டில்தான் மார்க், அதாவது சுற்றிவர வேண்டிய மிதவை. இதைப் படிக்கிறவர்களும் நாலு செருப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரோட்டில் இடப்பக்கம் போ, சிக்னலில் நில் என்று சொல்லிவிடலாம். தண்ணீரில் ரோடு இல்லை. காற்று எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் யாருக்கு வழி என்று முடிவாகிறது. யார் முன்னால், யார் வேகம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் கேள்வி: காற்று படகின் எந்தப் பக்கம் படுகிறது? வலப்பக்கம் பட்டால் நீங்கள் ஸ்டார்போர்டு டேக், இடப்பக்கம் பட்டால் போர்ட் டேக். குழப்பமாக இருந்தால் பூமைப் பாருங்கள். பாயின் அடியில் இருக்கும் அந்தக் கம்பு இடப்பக்கம் கிடந்தால் ஸ்டார்போர்டு. இரண்டு படகும் வேறு வேறு டேக்கில் வந்தால் போர்ட் டேக்கில் இருப்பவர் ஒதுங்க வேண்டும். இது 10ஆம் விதி. புதிதாக வரும் பிள்ளைகளின் பூமில் வலப்பக்கம் பச்சை டேப்பும் இடப்பக்கம் சிவப்பு டேப்பும் ஒட்டிவிடுவேன். ஸ்டார்போர்டு டேக்கில் வலப்பக்கம் உட்காரும்போது கண்ணுக்கு எதிரே பச்சை தெரியும். சிவப்பு தெரிந்தால் உஷார்.

இரண்டு பேரும் ஒரே டேக்கில் பக்கத்துப் பக்கத்தில் போனால்? காற்று வரும் பக்கம், அதாவது மேலே, இருப்பவர்தான் ஒதுங்க வேண்டும், கீழ்ப்பக்கம் இருப்பவருக்கு வழி. இந்த 11ஆம் விதியைத்தான் பிள்ளைகள் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "அக்கா, நான்தானே மேல இருந்தேன்?" என்று கேட்காத பிள்ளை கிடையாது. மேலே இருப்பவருக்குத் தெளிந்த காற்று கிடைக்கிறது. கீழே இருப்பவர் அவருடைய பாயின் நிழலில் தவிக்கிறார். வழியாவது கீழே இருப்பவருக்கு இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்ளச் சொல்வேன், மறக்காது. ஸ்டார்ட் கோட்டில் கீழே இருப்பவர் "அப்! அப்!" (மேலே போ) என்று கத்துவது இந்த விதியை வைத்துத்தான்.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. பின்னாலிருந்து வந்து, இரண்டு படகு நீளத்துக்குள் உங்கள் கீழ்ப்பக்கம் நுழைந்தவர், மார்க்குக்குப் போக அவருக்கு இயல்பாக இருக்கும் பாதைக்கு மேலே ஏறி உங்களைத் தள்ளக் கூடாது. ஸ்டார்ட் சிக்னலுக்கு முன்னால் இப்படி ஒரு பாதையே கிடையாது என்பதால், அப்போது அவர் மேலே ஏறலாம்.

ஒரே டேக்கில் முன்னே பின்னே போனால் பின்னால் இருப்பவர் ஒதுங்க வேண்டும். டேக் திரும்புகிறவர், படகின் மூக்கு காற்றைத் தாண்டியதிலிருந்து புதிய பக்கத்தில் காற்றை எதிர்த்துப் போகும் பாதையைச் சரியாகப் பிடிக்கும்வரை எல்லோருக்கும் ஒதுங்க வேண்டும். இவை இரண்டையும் ஒருமுறை சொன்னால் போதும், புரிந்துவிடும்.

வழி இருக்கிறது என்றால் இஷ்டத்துக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. நீங்களே ஏதோ செய்து புதிதாக வழி வாங்கினால், எதிரில் இருப்பவர் ஒதுங்க முதலில் இடம் கொடுக்க வேண்டும். போகும் திசையை மாற்றினாலும் அப்படித்தான். பக்கத்தில் வந்து சட்டென்று டேக் திரும்பி, திரும்பிய நொடியே "ஸ்டார்போர்டு!" என்று கத்துவது செல்லாது. அப்படிக் கத்தித்தான் ஆக வேண்டும் என்று விதியும் சொல்லவில்லை. ஆனால் எதிரில் வருபவர் பார்க்கவில்லை என்று தோன்றினால் தயங்காமல் கத்துங்கள். யாருக்கு வழி இருந்தாலும், முடிந்தவரை மோதலைத் தவிர்ப்பது இருவர் கடமை.

எனக்குப் பதினாறு வயதில் நடந்தது இது. லேசர் படகு, போர்ட் டேக், நல்ல வேகம். காற்றை எதிர்த்துப் போகும்போது நாம் ஒரு பக்கம் உட்கார்ந்திருப்போம், மறுபக்கத்தைப் பாய் மறைத்துவிடும். போர்ட் டேக்கில் போகும்போது ஸ்டார்போர்டு படகுகள் அந்த மறைந்த பக்கத்திலிருந்துதான் வரும். பூமுக்கு அடியில் குனிந்து பார்க்கவே இல்லை. குரல் கேட்டுச் சுக்கானை இழுப்பதற்குள் என் படகின் மூக்கு இன்னொரு பெண்ணின் படகு விலாவில் கைமுட்டி அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டது. அந்த அளவு சேதமானால் பந்தயத்திலிருந்து விலகிவிட வேண்டும். நான் விலகாமல் ஓடி முடித்தேன். விசாரணையில் "நான் பாக்கல" என்றேன். பார்த்தாயா என்பது அங்கே கேள்வியே இல்லை. தகுதிநீக்கம் செய்தார்கள், அது சரிதான். அவள் மீதிப் பந்தயங்களைக் கரையில் உட்கார்ந்து பார்த்தாள். அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

அதனால் என் பிள்ளைகள் போர்ட் டேக்கில் போகும்போது பத்து எண்ணுவதற்குள் ஒருமுறை பூமுக்கு அடியில் பார்க்க வேண்டும். ஸ்டார்போர்டு படகு தெரிந்தால் நாலு படகு நீளம் இருக்கும்போதே முடிவெடுக்க வேண்டும்: டேக் திரும்புவதா, பின்னால் நுழைவதா? பின்னால் நுழைய, பாய்க்கயிற்றைத் தளர்த்தி அவருடைய பின்பலகையைக் குறிவைத்துப் போங்கள். கயிற்றைத் தளர்த்தாமல் சுக்கானை மட்டும் இழுத்தால் படகு கீழே திரும்பாது, நேராகப் போய் மோதும்.

இப்போது பாட்டிலுக்கு வருவோம். காற்றோடு இறங்கிவந்து சுற்றும் கீழ் மார்க்கில்தான் சண்டை அதிகம். மார்க்கைச் சுற்றி மூன்று படகு நீளத்துக்கு ஒரு வட்டம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆப்டிமிஸ்டுக்குச் சுமார் 7 மீட்டர். பாட்டிலைச் சுற்றி மூன்று செருப்பு நீளத்தில் சாக்கட்டியால் வட்டம் போடுங்கள். முன்னால் இருக்கும் செருப்பின் குதிகால் விளிம்பை ஒட்டி, குறுக்கே இரு பக்கமும் ஒரு கோடு இழுங்கள். பின்னால் வரும் செருப்பின் நுனி அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் இரண்டும் 'ஓவர்லாப்'. முதல் படகு வட்டத்தைத் தொடும் அந்தக் கணத்தில் ஓவர்லாப் இருந்தால், வெளிப்பக்கம் இருப்பவர், மார்க்கை ஒட்டி உள்பக்கம் இருப்பவருக்கு அதைச் சுற்ற இடம் விட வேண்டும். அப்புறம் ஓவர்லாப் விட்டுப்போனாலும் கொடுத்த இடம் கொடுத்ததுதான். அந்தக் கணத்தில் ஓவர்லாப் இல்லையென்றால் முன்னால் இருப்பவருக்கே இடம். பிறகு உள்ளே மூக்கை நுழைத்துக்கொண்டு இடம் கேட்க முடியாது.

காற்றை எதிர்த்து ஏறிப்போகும் மேல் மார்க்கில், எதிரெதிர் டேக்கில் வருபவர்களுக்கு இந்த வட்டக் கணக்கு கிடையாது, பழைய போர்ட், ஸ்டார்போர்டுதான். அங்கே போர்ட் டேக்கில் வந்து வட்டத்துக்குள் டேக் திரும்பி இடம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நாற்பது படகு வரிசையாக வரும்போது அது பெரும்பாலும் அபராதத்தில்தான் முடியும்.

தப்பு செய்துவிட்டீர்களா? உடனே மற்றவர்களிடமிருந்து விலகிப்போய், ஒரே திசையில் இரண்டு முழுச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டேக் (மூக்கு காற்றைத் தாண்டுவது), ஒரு ஜைப் (படகின் பின்பக்கம் காற்றைத் தாண்டுவது). மார்க்கைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று போதும். தப்பு மற்றவருடையது என்றால், முடிந்த சீக்கிரத்தில் "புரொடெஸ்ட்!" (ஆட்சேபம்) என்று கத்த வேண்டும். 6 மீட்டருக்குக் குறைந்த படகு என்றால், ஆட்சேபத்தைக் காட்டும் சிவப்புக் கொடி தேவையில்லை. கரைக்கு வந்தபிறகு ஞாபகம் வந்து சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். பாய்ப்படகு விளையாட்டின் சர்வதேச அமைப்பான வேர்ல்டு செய்லிங் நாலு வருடத்துக்கு ஒருமுறை விதிகளைத் திருத்துகிறது. இப்போது கையில் இருக்க வேண்டியது 2025 முதல் 2028 வரைக்கானது.

இன்னொன்று. இந்த விதிகள் எல்லாம் பந்தயப் படகுகளுக்குள் மட்டும்தான். துறைமுகத்துக்கு வெளியே போனால் காசிமேட்டு ஃபைபர் படகுகள் வலை விரித்திருக்கும். வலையோடு தொழில் செய்யும் படகுக்குப் பாய்ப்படகுதான் ஒதுங்க வேண்டும் என்கிறது சர்வதேசக் கடல் விதி. அங்கே "ஸ்டார்போர்டு!" என்று கத்தாதீர்கள். அண்ணனுக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, வலை மிதவைகளுக்கு வெளியே சுற்றிப் போங்கள்.